இருதய ஆபரேஷன் ஆனவருக்கு ஆஸ்பத்திரியில் துணையிருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தோட்டம். என் வீட்டுக்காரருக்கு 58 வயதில் இருதய ரத்தக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு என்று சொல்லி, கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பைபாஸ் செய்தார்கள். 11 நாள் நான் கூடவே இருந்தேன். அதற்கப்புறம் எங்கள் பக்கம் யாருக்காவது இருதய ஆபரேஷன் என்றால் அந்த வீட்டுப் பெண்கள் எனக்குப் போன் பண்ணுகிறார்கள். ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். கூட இருக்கிற ஆள் எதைக் கவனிக்கலாம், எதைச் சொல்லலாம் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் நானாகச் சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முதலாவது, குடி. தினமும் சாயங்காலமானால் குடிக்கிற பழக்கம் இருந்தால் எவ்வளவு என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் பெண்கள் இதை மறைக்கிறோம். பக்கத்தில் மாமியார் நிற்பார், கொழுந்தனார் நிற்பார், வாய் வராது. தினமும் குடித்தவருக்குத் திடீரென்று நின்றால் ஒரு நாள், இரண்டு நாளில் கை நடுங்கும், வியர்க்கும், புத்தி தடுமாறும், வலிப்பும் வரலாம். நெஞ்சைப் பிளந்து தைத்திருக்கிற நேரத்தில் அப்படி ஆனால் உயிருக்கே ஆபத்து. முன்பே தெரிந்தால் அதற்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை. மயக்க டாக்டர் பார்க்க வரும்போது வெளியே போய்த் தனியாகச் சொல்லலாம்.

அப்புறம் பீடி, சிகரெட், ஆடுகிற பல், வைத்தியரிடம் வாங்கிச் சாப்பிடும் சூரணம், லேகியம், மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தானே வாங்கிப் போட்ட மாத்திரை. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள்.

ஆபரேஷன் எத்தனை மணி நேரம்? வெளியே காத்திருக்கும்போது என்ன செய்வது?

பைபாஸ் பெரும்பாலும் 3 மணியிலிருந்து 6 மணி நேரம். ஆனால் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து நீங்கள் மறுபடி அவரைப் பார்ப்பதற்குள் அதைவிட நேரமாகும். மயக்கம் கொடுக்க, குழாய்கள் போட, முடிந்தபின் ஐசியூவில் நிலைப்படுத்த என்று நேரம் போகும். 6 மணி நேரம் தாண்டிவிட்டதே என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

ரத்தம் கொடுக்க ஆள் கேட்பார்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஆண்கள் கடைசியாகக் கொடுத்து 3 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், முந்தின ராத்திரி குடித்திருக்கக் கூடாது. எங்கள் ஊரிலிருந்து ஆறு பையன்கள் பஸ் ஏறி வந்தார்கள். மூன்று பேரிடம்தான் எடுத்தார்கள். கேட்டதைவிட இரண்டு பேரைக் கூடுதலாகவே வரச் சொல்லுங்கள்.

அன்றைக்கு ஒரே ஒரு ஆளின் போன் நம்பரை மட்டும் ஆஸ்பத்திரியில் கொடுங்கள். அந்தப் போனுக்குச் சார்ஜ் இருக்கட்டும். ஊருக்குத் தகவல் சொல்கிற வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.

ஐசியூவில் முதன்முதலாகப் பார்க்கும்போது எப்படி இருப்பார்?

இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

முகம் உப்பியிருக்கும். வெளுத்திருக்கும். தொட்டால் ஜில்லென்று இருக்கும், ஏனென்றால் ஆபரேஷன் போது உடம்பைக் குளிர வைப்பது உண்டு. வாயில் மூச்சுக் குழாய் இருக்கும், அது இருக்கிறவரை பேச முடியாது. கழுத்தில் ஊசிக் குழாய், நெஞ்சுக்குக் கீழே ரத்தமும் நீரும் வடிய இரண்டு மூன்று தடித்த குழாய்கள், சிறுநீர்க் குழாய், மெல்லிய கம்பிகள். வடிகிற பெட்டியில் சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்காகத்தான் அந்தக் குழாய். காலிலும் நீளமாகக் கட்டு இருக்கும். இருதயத்தில் அடைப்புக்குக் காலில் ஏன் தையல் என்று என் மாமியார் சண்டைக்கே போய்விட்டார். காலிலிருந்து ஒரு ரத்தக் குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுப் பாதை போடுகிறார்கள். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் பக்கத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் திருப்பிவிடுகிற மாதிரிதான் என்று நான் சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

மிஷின்கள் விடாமல் சத்தம் போடும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் தேடாதீர்கள், சிஸ்டர்களுக்குத் தெரியும். உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. கையைக் கழுவிக்கொண்டு போய், அவர் கையைப் பிடித்து, நீங்கள் யார், ஆபரேஷன் முடிந்துவிட்டது, இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் சொல்லுங்கள். கண்ணாடி, காது மிஷின் இருந்தால் எப்போது உள்ளே தரலாம் என்று முதல் நாளே கேளுங்கள்.

ஐசியூவில் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். புத்தி பிசகிவிட்டதா?

எனக்கு வரும் போன்களில் பாதி இதற்குத்தான்.

இரண்டாம் நாள் ராத்திரி என் வீட்டுக்காரர், கட்டிலுக்கடியில் கன்றுக்குட்டி நிற்கிறது, கட்டுத்தரையில் கொண்டுபோய்க் கட்டு என்றார். மோட்டாரை நிறுத்து, கிணற்றில் தண்ணீர் இல்லை என்றார். ஊசிக் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். சிஸ்டர் சின்னப் பிள்ளை. தோட்டத்துக்காரர் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டது. மறுநாள் காலையில் நான் போனபோது, "நல்லாப் பேசறாருங்க அக்கா" என்றது. நான் இரண்டு வார்த்தை பேசியதுமே தெரிந்துவிட்டது. அது அவர் இல்லை. 33 வருஷத்தில் என்னை ஒருநாளும் 'நீங்க யாரு' என்று கேட்டவர் இல்லை.

உடனே டியூட்டி டாக்டரிடம் போய், "இது இவரு பேச்சில்லைங்க. நேத்து சாயங்காலம் வரைக்கும் தெளிவா இருந்தாரு" என்று சொன்னேன். ரத்தம் எடுத்தார்கள், ஆக்சிஜன் அளவைப் பார்த்தார்கள், வலி மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம், "ஏம்புள்ள, சோறு உண்டியா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

இதை டெலிரியம் என்கிறார்கள். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு, அதுவும் வயதானவர்களுக்கு, அடிக்கடி வருவது. மயக்க மருந்து, வலி மருந்து, தூக்கமின்மை, இரவு பகல் தெரியாத விளக்கு வெளிச்சம், கிருமித் தொற்று, ரத்தத்தில் உப்பு குறைவது, குடி நின்றது என்று காரணம் பல. பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். ஆனால் 'எல்லோருக்கும் வருவதுதானே' என்று சும்மா இருந்துவிடக் கூடாது, பின்னால் வேறு கோளாறு இருக்கலாம். சிஸ்டருக்கு அவரை இரண்டு நாளாகத்தான் தெரியும். அவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்பது அந்தக் கட்டடத்திலேயே உங்கள் ஒருத்திக்குத்தான் தெரியும். மாற்றம் தெரிந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். படிக்காதவள் சொல்லி டாக்டர் கேட்பாரா என்று தயங்க வேண்டாம்.

அவர் உளறும்போது வாதம் பண்ணாதீர்கள். கன்றுக்குட்டி இல்லை என்று நிரூபிக்க நான் பட்ட பாடு வீண். "தம்பி கட்டிட்டான், நீங்க தூங்குங்க" என்றதும் அடங்கினார்.

நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள் என்கிறார்கள். அதில் என்ன எழுதுவது?

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். எனக்கு அதுதான் பெரிய துணை. தேதி போட்டு, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். காலையில் ஒரு டாக்டர், மத்தியானம் வேறொருவர், ராத்திரி டியூட்டிக்கு இன்னொருவர் வருவார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. எங்களுக்கு ஒரு சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். ஷிஃப்ட் மாறியபோது அது மறுபடி வந்துவிட்டது. நோட்டைக் காட்டினேன், சரிபார்த்து எடுத்துவிட்டார்கள். கோபப்படவில்லை, நன்றிதான் சொன்னார்கள்.

இன்னொரு பக்கத்தில் அவர் குடித்த தண்ணீர், போன சிறுநீர், காலை எடை, காய்ச்சல், மலம் போனதா, எவ்வளவு தூரம் நடந்தார். கடைசிப் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்விகள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து நிற்பது இரண்டு நிமிடம். அந்த நேரத்தில் கேட்க வந்தது மறந்துபோகும். எழுதி வைத்த மூன்று கேள்வியைப் படித்துக் காட்டுங்கள். பதில் புரியாவிட்டால், "தமிழ்ல இன்னொருக்காச் சொல்லுங்க" என்று கேளுங்கள்.

இருமச் சொல்கிறார்கள். இருமினால் தையல் பிரிந்துவிடாதா?

பிரியாது. நெஞ்செலும்பை அறுத்து, முடிந்தபின் எஃகுக் கம்பியால் கட்டியிருப்பார்கள். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறையும். இருமாமல் இருந்தால் சளி தங்கி நிமோனியா வரலாம். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி தருவார்கள். அதன் குழாயை வாயில் வைத்து உள்ளே இழுக்க வேண்டும், ஊதக் கூடாது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை, பத்துத் தடவை போல. நம் ஆட்கள் இதை விளையாட்டுச் சாமான் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். விடாதீர்கள்.

எழுந்திருக்கும்போது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். பாசத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இது, எலும்பு அசையும். ஒரு பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி, காலைக் கட்டிலுக்குக் கீழே விடச் சொல்லி, முதுகுக்குப் பின்னால் உங்கள் கையைக் கொடுங்கள்.

மூன்றாம் நாள் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்கிறார்.

உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். பைபாஸ் ஆனவர்களில் மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு, பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இருதயத் துடிப்பு தாளம் தப்பி வேகமாக ஓடும். மருந்தில் கட்டுப்படும். இவர், "நெஞ்சுக்குள்ள கோழி சீய்க்கற மாதிரி இருக்குது" என்றார். அந்த வார்த்தையை அப்படியே டாக்டரிடம் சொன்னேன், அவருக்குப் புரிந்தது.

ஒரம்பரை (சொந்தக்காரர்கள்) வேன் பிடித்து வருகிறார்கள். வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

கஷ்டம்தான். பார்க்க வராவிட்டால் பங்காளிகளுக்குள் பேச்சாகிவிடும், வந்தாலோ அவருக்குத் தொற்று வரும் பயம், பேசிப் பேசிக் களைப்பு. நான் செய்தது இதுதான்: என் அண்ணனைச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கச் சொன்னேன். காங்கேயத்திலிருந்து வருகிறவர்கள் அங்கேதானே இறங்குவார்கள். அங்கேயே டீ வாங்கிக் கொடுத்து, நிலவரம் சொல்லி, "டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாருங்க, வீட்டுக்கு வந்தப்புறம் பொறுமையாப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினார். மரியாதை குறையவில்லை, யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. சளி, இருமல் உள்ளவர்களையும் சின்னக் குழந்தைகளையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே விடாதீர்கள்.

வந்தே தீருவேன் என்கிறவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற, ஆடு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட. அங்கே மாடு கத்துமே என்கிற வெசனம் இல்லாவிட்டால் அவர் பாதி குணமாகிவிடுவார்.

இளநீர் கொடுக்கலாமா? கொள்ளு ரசம்?

பொள்ளாச்சிப் பக்கத்துச் சொந்தம் இருந்தால் இளநீர் குலையோடு வந்து இறங்கும். கேட்காமல் கொடுக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு வைப்பார்கள். இளநீர், மோர், ரசம், காபி எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சில இருதய, பிரஷர் மருந்துகளோடு சேர்ந்தால், அதுவும் கிட்னி சரியில்லாதவர்களுக்கு, துடிப்பைக் கெடுக்கும்.

முதல் சில நாள் எதுவும் ருசிக்காது. அரிசிம்பருப்புச் சாதம் என்றால் உயிரை விடுகிறவர், ஒரு வாய் வைத்துவிட்டு மண் மாதிரி இருக்கிறது என்றார். சில வாரத்தில் சரியாகும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுங்கள். ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டால் உப்புக் குறைத்துப் பச்சைப்பயிறு கடைசல், சந்தவை, கொள்ளு ரசம் கொடுக்கலாம். புண் ஆறப் புரதம் வேண்டும், அதனால் பத்தியம் என்ற பேரில் வெறும் கஞ்சியில் போடாதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம்.

சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் இந்த நாட்களில் சர்க்கரை ஏறும், இன்சுலின் போடுவார்கள். ஆயுசுக்கும் போட வேண்டுமோ என்று பயந்துவிட வேண்டாம். வீட்டுக்குப் போகும்போது தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எரிந்து விழுகிறார். திடீரென்று அழுகிறார். என் மேல் என்ன கோபம்?

உங்கள் மேல் இல்லை. வலி, தூக்கமின்மை, அடுத்தவர் கையால் குண்டி கழுவ வேண்டிவந்த அவமானம், செத்துப் பிழைத்த பயம். அத்தனையும் பக்கத்தில் இருக்கிற ஆள் மேல்தான் இறங்கும். மூன்று மூட்டை நெல்லைத் தனியாக இறக்கிய மனுஷன், லுங்கி கட்ட என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டார். நான் வராண்டாவில் போய் அழுதேன், முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். அவர் முடிந்தவரை தானே செய்ய விடுங்கள். பல் தேய்க்க, தலை சீவ, டம்ளரைப் பிடிக்க. நேரமானாலும் காத்திருங்கள்.

சோகம் இரண்டு வாரத்துக்கு மேலும் போகாமல், சாப்பாடு, பேச்சு எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் வைத்தியம் உண்டு.

ஆபரேஷன் மனைவிக்கு. கணவன் துணையிருப்பதில் ஏதாவது வித்தியாசம்?

பெண்கள் பொது வார்டில் இரவு ஆண்களை விட மாட்டார்கள், அதனால் மகளோ தங்கச்சியோ ராத்திரிக்கு வேண்டும். மார்பின் எடை நடுவிலுள்ள தையலை இழுக்கும். முன்பக்கம் கொக்கி வைத்த, கம்பி இல்லாத மெத்தென்ற உள்ளாடை வாங்கி வையுங்கள், எப்போது போடலாம் என்று சிஸ்டரிடம் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, வீட்டுக்கு வந்த மறுநாளே அடுப்படிக்குப் போவார். குக்கர், தண்ணீர்க் குடம், மாவு ஆட்டுவது எதையும் தொட விடாதீர்கள். நீங்கள் சமைக்கக் கற்றுக்கொள்ள அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிற நாட்களே போதும்.

காப்பீடு எப்படி?

முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். ரேஷன் கார்டும் விஏஓ தரும் வருமானச் சான்றும் வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதால், ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைக்கே அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டருக்குப் போங்கள். எதற்குப் பணம் வரும், எது கைக்காசு என்று எழுதி வாங்குங்கள்.

நான் எப்போது தூங்குவது?

அவர் ஐசியூவில் இருக்கிறபோது தூங்குங்கள். பார்க்க விடுகிற அந்தச் சில நிமிடம் தவிர அங்கே உங்களை உள்ளே விடப்போவதில்லை, வாசலில் உட்கார்ந்து விழித்திருப்பதால் அவருக்கு ஒரு பலனும் இல்லை. அவர் வார்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் தெம்பு தேவைப்படும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். நான்காம் நாள் என் பிரஷர் மாத்திரையை மறந்து, மாடிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மாத்திரைக்கும் நோட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் வீட்டில் என்ன தயார் செய்வது?

முதலில் கக்கூஸ். குந்தி உட்காரும் கக்கூஸில் எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டும், அது நெஞ்செலும்புக்கு ஆகாது. சர்ஜிக்கல் கடையில் கமோடு நாற்காலி கிடைக்கும். வலி மருந்தால் மலச்சிக்கல் வரும், முக்கக் கூடாது, இளக்க மருந்து கேட்டு வாங்குங்கள். கயிற்றுக் கட்டிலும் வேண்டாம், தொய்ந்த கட்டிலிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாது.

மாத்திரை ஒவ்வொன்றும் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டு எழுதுங்கள். இருதய வால்வு மாற்றியவருக்கு ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுத்திருந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை சொல்லும் தேதியில் தவறக் கூடாது. கீரை கூடிக் குறைந்தால் அந்த மருந்தின் வேலையும் மாறும், அதனால் கீரையை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று அதிகமாகவும் வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவாக இருக்கட்டும்.

காரில் பின் சீட்டில் உட்கார வையுங்கள், பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தலையணை. பல்லடத்தில் நிறுத்தி நாங்கள் ஐந்து நிமிடம் நடக்க வைத்தோம். வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் அவர் பல்லைக் கடித்தார்.

மம்முட்டி (மண்வெட்டி) எப்போது பிடிக்கலாம்? வண்டி? தாம்பத்தியம்?

நெஞ்செலும்பு ஒட்ட 6 முதல் 8 வாரம், முழு பலம் வர 3 மாதம் போல. அதுவரை 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, பால் கறக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. மாட்டுக் கயிற்றைப் பிடிக்கவே கூடாது, மாடு ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. மம்முட்டிக்கு டாக்டர் ஒப்புதல் வேண்டும். தாம்பத்தியத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் மனதில் இருக்கிறது. மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் உடம்பு தயார் என்பது டாக்டர்கள் சொல்லும் அளவு. ஆனால் எலும்பு ஆறும்வரை கையை ஊன்றி உடம்பைத் தாங்கக் கூடாது.

எதற்கு உடனே ஓட வேண்டும்?

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம், வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது: 108-ஐக் கூப்பிடுங்கள், காருக்குக் காத்திருக்காதீர்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், புண்ணில் சீழ், சிவப்பு, நெஞ்செலும்பில் 'டக்' என்று சத்தம் அல்லது அசைவு, ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிப்பது, ஒரே நாளில் ஒரு கிலோவோ ஒரு வாரத்தில் இரண்டு கிலோவோ எடை கூடுவது: அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். அதனால்தான் தினமும் காலையில் கழிவறை போய் வந்தபின், காபிக்கு முன், ஒரே மிஷினில் எடை பார்க்கச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ராத்திரியில் எழுந்து அவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். இது எப்போது நிற்கும்?

எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ராத்திரி மூன்று தடவை எழுந்து, இருட்டில் அவர் வயிற்றில் மெல்லக் கை வைத்துப் பார்ப்பேன். ஒருநாள், "இருக்கறன், படுத்துத் தூங்கு" என்றார். அவரும் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதற்கப்புறம் என் கையை அவரே எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டார். அப்படியே தூங்கிப்போனேன்.